மீனம்மா பச்சையாத் தின்ன வல்லாரை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எங்க லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன தோட்டத்து வீடுங்கள்ல, எல்லாருக்கும் தெரியும். கங்காணியோ, கடன் வசூலுக்கு வர்ற ஆளோ, யாரா இருந்தாலும் ஜெயந்தினி வீட்டு முன்வாசல் இஸ்தோப்புல நிக்கிறான்னா அந்தப் பக்கம் சுத்திக்கிட்டுத்தான் போவாங்க. அப்பேர்ப்பட்ட நான் ஒரு ஞாயித்துக்கெழம வாயே தொறக்கல. அந்தக் கதையத்தான் சொல்ல வந்தேன். ஆனா மொதல்ல மீனம்மாவப் பத்திச் சொல்லணும். இல்லாட்டி ஒங்களுக்கு அவ மேல வீணாக் கோவம் வரும்.

மீனம்மா எங்க அடுத்த காம்பரா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுருதான். டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டந்தான் எங்களுது. அவ இந்த லயத்துலயே பொறந்தா, கடைசிக் காம்பரா சுமனையே கட்டிக்கிட்டா. அதனால அவ கல்யாணம் பண்ணிப் போன தூரம் மொத்தம் ஒம்பது கதவு. கொழுந்து பறிக்கப் போனவளுக்கு முப்பது வயசுலயே வலது கைப் பெருவெரல் மடங்காமப் போச்சு. வெரல் மடங்காம என்னத்தக் கொழுந்து கிள்ளுறது? தோட்டத்துல பேரு வெட்டிட்டாங்க, வேல போச்சு. சுமன் கொழும்புல ஒரு கடையில நிக்கிறான். தீவாளிக்கு வருவான், தேருக்கு வருவான். மத்த நாள்ல போன் அடிச்சா எடுக்க மாட்டான். அந்த மனுசனப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா கத வேற பக்கம் போயிரும், விடுங்க.

லயத்துக்குக் கீழ ஒரு சேத்து நெலம் இருக்கு. அட்டை கடிக்கும், தேயிலை வராது, யாருக்கும் வேண்டாத எடம். அதுல எறங்கி மீனம்மா வல்லாரை நட்டா. ஆறே மாசத்துல ஒவ்வொரு எலையும் உள்ளங்கை அகலத்துக்கு வந்துச்சு. ஞாயித்துக்கெழம டவுன் சந்தையில என் பக்கத்துலயே அவளுக்கும் ஒரு எடம் கெடச்சிச்சு. நான் லீக்ஸும் கரட்டும் விப்பேன், அவ வல்லாரை.

அவ யாவாரம் பண்ற அழகு தனி. குளிக்காம எலையத் தொட மாட்டா. பழுத்த எல ஒண்ணு கட்டுக்குள்ள போகாது. கட்டுன எல வாடக்கூடாதுன்னு ஈரச்சாக்கப் போத்தி, பச்சப்புள்ளையத் தூக்குற மாதிரி பஸ்ஸுல தூக்கிக்கிட்டு வருவா. "மீனம்மாகிட்ட கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்"னு டவுன்ல சொல்லுவாங்க. சந்தையே அவளச் சுத்தக்காரின்னுதான் கூப்பிடும். எனக்குப் பொறாமையாக்கூட இருக்கும்.

இப்ப அசிங்கமான விசயத்துக்கு வரேன். எங்க லயத்துல இருபத்திரண்டு குடும்பம், நாலு கக்கூசு, ஒரே ஒரு குழி. அந்தக் குழி நெறஞ்சு நாலு வருசமாச்சு. நெறஞ்சது எங்க போகும்? பின்பக்கம் தண்ணி ஓடுற கான் வழியாக் கசிஞ்சு கீழ எறங்குது. கான் போய் முடியுற எடம் அந்தச் சேத்து நெலந்தான். வல்லாரை ஏன் அப்படித் தழைக்குதுன்னு நாங்க யாரும் யாரையும் கேட்டதில்ல. மீனம்மா எலைய அலசுறதும் அந்தக் கான் தண்ணியிலதான், சாக்க நனைக்கிறதும் அதுலதான். நான் லீக்ஸ் கழுவுறதும் அதே தண்ணிதான், மறைக்க மாட்டேன். ஆனா லீக்ஸ வேக வச்சுத்தான் திங்கிறாங்க. வல்லாரைய அரிஞ்சு, தேங்காப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் போட்டுப் பச்சையாச் சம்பல் போடுவாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

ரொம்ப நாளா எங்களுக்கு இது ஒறைக்கல. குடிக்கிற தண்ணியக் கொதிக்க வைக்கணும்னு தோட்டத்து மருந்துக்காரம்மா சொல்லிக் குடுத்தாங்க, நாங்களும் தவறாமக் கொதிக்க வச்சோம். கழுவுற தண்ணியப் பத்தி யாரும் சொல்லல, நாங்களும் நெனைக்கல. குடிக்கிறதுதானே வயித்துக்குள்ள போகுதுன்னு இருந்தோம்.

போன வருசம் மாசி மாசம் மீனம்மா மகள் சர்மிளாவுக்கு வயிறு உப்பிப்போச்சு. அப்ப அதுக்கு மூணு வயசு. ஒரு நாள் காலையில வாந்தி எடுத்துச்சு, வாந்தியோட ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சி வந்து விழுந்துச்சு, உசுரோட. மீனம்மா கத்தல. அப்படியே குந்திட்டா. புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது நான். டாக்டரம்மா மருந்து குடுத்துட்டு, "பச்சைக்கீரை குடுக்குறீங்களா? எந்தத் தண்ணியில கழுவுறீங்க?"ன்னு கேட்டாங்க. மீனம்மா என்னப் பாத்தா. நான் அவளப் பாத்தேன். "பீலித் தண்ணிங்க"ன்னு, நாங்க குடிக்கிற ஊத்துத் தண்ணியச் சொல்லிட்டா.

அன்னைக்கிருந்து அவ வீட்டுலயும் என் வீட்டுலயும் பச்ச வல்லாரை கெடையாது. ஆனா ஞாயித்துக்கெழமையானா நாப்பது கட்டு சந்தைக்குப் போகும்.

அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. யாருகிட்டச் சொல்றது? தோட்ட ஆபீசுக்குக் குழி நெறஞ்சிருச்சுன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு. மேல் டிவிசன்ல ஒரு லயத்து ஆளுங்க கக்கூசு கசியுதுன்னு டவுன் வரைக்கும் போய்ச் சத்தம் போட்டாங்க. என்ன நடந்துச்சு தெரியுமா? கக்கூசுக் கதவு மேல பலகை அடிச்சு மூடிட்டாங்க. புதுசு கட்டித் தரோம்னு சொன்னாங்க, இன்னும் கட்டல. அங்க பொம்பளைங்க விடியிறதுக்கு முன்னால தேயிலைக்குள்ள போய்ட்டு வர்றாங்க. அதப் பாத்த பெறகு எவளுக்கு வாய் வரும்? எனக்கே வரல.

மீனம்மா அவளுக்குத் தெரிஞ்ச வழியப் பாத்தா. வாளியில உப்பும் மஞ்சளும் கரைச்சு, ஒவ்வொரு கட்டா அதுல முக்கி எடுத்தா. கையெல்லாம் மஞ்சளாகும். "அக்கா, மஞ்சளுக்கு எந்தப் பூச்சியும் நிக்காதுல்ல?"ன்னு கேப்பா. "நிக்காது புள்ள"ன்னு நான் சொல்லுவேன். எனக்கு என்ன தெரியும்? சொல்லணும் போல இருந்துச்சு, சொன்னேன்.

ஐப்பசியில சந்தைக்குப் பி.எச்.ஐ., அதான் சுகாதார இன்ஸ்பெக்டர், வந்தாரு. சிவரூபன்னு பேரு, யாழ்ப்பாணத்து ஆளு, மெலிஞ்ச மனுசன், அதட்டாமப் பேசுவாரு. பச்சையாத் திங்கிற எலையெல்லாம் ஒவ்வொரு கட்டு வாங்கிப் பையில போட்டு எடுத்துட்டுப் போனாரு. மூணு வாரம் கழிச்சுத் திரும்பி வந்து எங்களக் கூப்பிட்டு நிக்க வச்சாரு. "நான் ஒருதற்றை பேரும் சொல்ல வரேல்லை. சலாது இலையிலயும் வல்லாரையிலயும் பூச்சி முட்டை கிடக்கு. எந்தத் தண்ணியில கழுவுறனீங்கள் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

மீனம்மாதான் கேட்டா, மெதுவா. "ஐயா, மஞ்சளும் உப்பும் போட்டு அலசுனா?"

"அம்மா, முட்டைக்குத் தடிப்பான கோது. உந்த மஞ்சளுக்கு அது சாகாது. சுத்தமான ஓடுற தண்ணியில ஒவ்வொரு இலையாத் தேய்ச்சுக் கழுவவேணும். இல்லாட்டி அவிச்சுத்தான் சாப்பிடவேணும்."

அவ மஞ்சக் கைய முந்தானைக்குள்ள மறைச்சா.

நல்ல தண்ணின்னா எங்களுக்கு மேல் பீலி ஒண்ணுதான். அது குடிதண்ணி. இருபத்திரண்டு வீட்டுக் கொடமும் அங்க வரிசையில நிக்கும். மீனம்மா ஒரு நாள் கூடையத் தூக்கிக்கிட்டுப் போனா. நாலு கட்டு அலசுறதுக்குள்ள பொம்பளைங்க புடிச்சுக்கிட்டாங்க. "குடிக்கிற எடத்துல சேத்தக் கொண்டு வந்து கழுவுறியே, ஒனக்குக் கீழ கான் இல்லையா?" அவங்க சொன்னதுலயும் தப்பில்ல. கான் தண்ணியில என்ன இருக்குன்னு வெளிய சொல்ல அவளால முடியல. கூடையத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்துட்டா.

அடுத்த ஞாயித்துக்கெழம அவ சந்தைக்கு வரல. "வித்தா பாவம், நான் விக்கலக்கா"ன்னா. வேற ஏதாவது நடலாம்னு மண்ணக் கிண்டிப் பாத்தா. அந்தச் சேத்துல கரட்டு அழுகும், பீன்ஸ் அழுகும். வல்லாரை ஒண்ணுக்குத்தான் அந்த எடம் லாயக்கு.

ஆனா எங்க சந்தையில ஒரு சட்டம் இருக்கு. ஒரு எடம் ரெண்டு ஞாயித்துக்கெழம தொடர்ந்து சும்மா கெடந்தா, அது அடுத்த ஆளுக்குப் போயிரும். டிக்கட் வெட்டுற அழகுமுத்து அண்ணன் என்கிட்டச் சொல்லி அனுப்புனாரு. "மீனம்மாகிட்டச் சொல்லுங்க, வரிசையில ஏழு பேரு நிக்கிறாங்க. வர்ற வாரமும் வரலன்னா என்னால நிறுத்தி வைக்க முடியாது."

சொன்னேன். கேட்டுட்டுக் காலிக் கூடைய எடுத்துக் கவுத்து வச்சா. அப்புறம், "எடம் போனா நான் என்ன செய்யிறதுக்கா?"ன்னா.

வந்தா. நாப்பது கட்டோட, ஈரச்சாக்கோட. ஆனா அன்னைக்கு எல விக்கல. பி.எச்.ஐ. சொன்னது டவுன் பூரா பரவியிருந்துச்சு. வழக்கமா வாங்குறவங்க கூட ஒரு பார்வ பாத்துட்டுத் தாண்டிப் போனாங்க. ஒருத்தி நின்னு, "பூச்சி எலையாமே"ன்னு சிரிச்சுட்டுப் போனா. மீனம்மா தலைய நிமித்தாம எலைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தா. அழகுமுத்து அண்ணன் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போனாரு.

பத்து மணிக்குப் பாலச்சந்திரன் ஐயா வந்தாரு. தபால் கந்தோர்ல இருந்து பென்சன் வாங்குனவரு. வாரம் தவறாம மீனம்மாகிட்ட ரெண்டு கட்டு வாங்குவாரு, வல்லாரை ஞாபக சக்திக்கு நல்லதாம். அவரு நின்னதும் நாலஞ்சு பேரு பின்னால நின்னாங்க. அவரு மேல அவ்வளவு மரியாத.

"பிள்ளை, ஊரெல்லாம் ஒரு கதை கதைக்கினம். எனக்கு உம்மைத் தெரியும், நீர் பொய் சொல்லமாட்டீர். ஒண்டுதான் கேக்கிறன். இதை நீர் பச்சையாச் சாப்பிடுவீரோ?"

அவரு கிண்டலாக் கேக்கல. நம்பிக் கேட்டாரு. கிண்டலாக் கேட்டிருந்தா நான் ஒரு வழி பண்ணியிருப்பேன். நம்பிக் கேட்டவர என்ன செய்யிறது?

மீனம்மா அவரப் பாத்தா. எடத்துக்கு அந்தாண்ட நின்ன அழகுமுத்து அண்ணனப் பாத்தா. ஒரு கட்ட எடுத்து நார அவுத்தா. மடங்காத அந்தப் பெருவெரல வச்சுக்கிட்டு எலையச் சுருட்டி வாயில போட்டு மென்னா. ரெண்டாவது தடவையும் போட்டா. மாசக்கணக்கா வீட்டுக்குள்ள விடாத எல. முழுங்குறப்போ தொண்ட ஏறி எறங்குனத நான் பாத்தேன். அப்புறம் சிரிச்சா. அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் எனக்கு அழுக வருது.

"எனக்கு ரெண்டு கட்டுத் தாரும்"னாரு ஐயா. அப்புறம் பின்னால நின்னவங்க வாங்குனாங்க. பூச்சி எலைன்னு சிரிச்சவளும் திரும்பி வந்தா. பதினொரு மணிக்கு ஆறு கட்டுதான் மிச்சம். எடம் தப்பிச்சிருச்சு. அழகுமுத்து அண்ணன் டிக்கட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு, "கெட்டிக்காரிதான்"னு சொல்லிட்டுப் போனாரு.

அந்த நேரம் பாத்து ஆயாம்மா வந்தாங்க. இராஜகுமாரின்னு பேரு, எங்க தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா அவங்க பொறுப்பு. தாய்மாரு மலைக்குப் போனா பத்தொம்பது புள்ளைங்க அவங்ககிட்டத்தான் இருக்கும். அதுல மீனம்மா மகள் சர்மிளாவும் இருக்கு, என் மகன் லோஜனும் இருக்கான். தங்கமான மனுசி. தன் கையில இருந்து போட்டுப் புள்ளைங்களுக்கு முட்டை வாங்கிக் குடுப்பாங்க.

"இந்த ஆறையும் கட்டு மீனம்மா. நாளைக்குப் புள்ளைங்களுக்குச் சம்பல் போடுறேன். எல்லாம் ரத்தம் இல்லாம வெளுத்துக் கெடக்குதுங்க."

மீனம்மா கை நின்னுபோச்சு. "புள்ளைங்களுக்கு எதுக்கு ஆயாம்மா, அது கசக்கும்ல?"ன்னா.

"தேங்காப்பூ நெறையப் போட்டா கசக்காது."

"அப்போ சட்டியில போட்டுச் சுண்டிக் குடுங்க. சின்னப் புள்ளைங்களுக்கு அதுதான் நல்லது."

"சுண்டுனா சத்தெல்லாம் போயிரும்மா. பச்சையாத் திங்கணும். இப்பத்தானே நீயே பச்சையாத் தின்ன, நான் அந்தக் கடையில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

சுத்தி ஆளுங்க, வாங்குன கட்டோட. பாலச்சந்திரன் ஐயா இன்னும் எதிர்க்கடையில வெங்காயம் பொறுக்கிக்கிட்டு நின்னாரு. மீனம்மா என்னப் பாத்தா. அக்கா, நீ ஏதாவது சொல்லுன்னு கேக்குற பார்வ. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அவ எடம் போகும், என் லீக்ஸும் போகும், கக்கூசுக்குப் பலகை அடிப்பாங்க. நான் குனிஞ்சு கரட்ட அடுக்குனேன். ஏற்கனவே அடுக்குன கரட்டுத்தான்.

ஆறு கட்டும் ஆயாம்மா பைக்குள்ள போச்சு. திரும்பி வரும்போது மூணு பேரும் ஒரே பஸ்ஸு. ஆயாம்மா மடியில அந்தப் பை. வழி பூரா, புள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்த கதைய அவங்க சொல்லிக்கிட்டே வந்தாங்க. நாங்க ம், ம்னு கேட்டுக்கிட்டு வந்தோம்.

திங்கக்கெழம காலையில நான் லோஜனப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பல. வயித்தால போகுதுன்னு அடுத்த வீட்டுப் புள்ளைகிட்டச் சொல்லி அனுப்புனேன். அவனுக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. பிஸ்கட்டக் கையில குடுத்து இஸ்தோப்புல உக்கார வச்சேன். அப்பத்தான் பக்கத்து இஸ்தோப்பப் பாத்தேன். சர்மிளா உக்காந்து சட்டித் தண்ணியில கூழாங்கல்லு போட்டு வெளையாடிக்கிட்டிருந்துச்சு.

"ஏம் புள்ள, சர்மிளா போகலையா?"

"காச்சல்க்கா"ன்னா மீனம்மா, உள்ளருந்தே.

போய் நெத்தியத் தொட்டுப் பாத்தேன். குளுந்து கெடந்துச்சு. மீனம்மா வெளிய வந்து என்னப் பாத்தா, என் இஸ்தோப்புல பிஸ்கட் தின்னுக்கிட்டிருந்த லோஜனப் பாத்தா. "லோஜனுக்கு என்னக்கா?"

"வயித்தால போகுது."

"ம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. எனக்கு அவ மேலயும் கோவம், என் மேலயும் கோவம். யாரு மேல காட்டுறதுன்னு தெரியாம லோஜனப் போட்டு ரெண்டு ஏசுனேன். கீழ பிள்ளைக் காம்பராவுல இருந்து புள்ளைங்க பாடுற சத்தம் கேட்டுச்சு. சாப்பாட்டு நேரத்துல பாட்டு நின்னுச்சு.

சாயந்தரம் ஆயாம்மா லயத்துக்கு ஏறி வந்தாங்க. கையில ஒரு டப்பா. நேரா மீனம்மா இஸ்தோப்புக்கு வந்து உக்காந்தாங்க, மூச்சு வாங்குச்சு. நானும் லோஜனத் தூக்கிக்கிட்டு அங்க போனேன். போகாம இருக்க முடியல.

"புள்ளைங்க கேட்டுக் கேட்டுத் தின்னுச்சுங்க மீனம்மா. சட்டியில ஒண்ணும் மிச்சமில்ல. ஒடம்பு சரியில்லாத ரெண்டுக்கும் மட்டும் முன்னாலயே எடுத்து வச்சிட்டேன். பாவம், அதுங்களுக்கு மட்டும் இல்லாமப் போகக்கூடாதுல்ல."

டப்பாவத் தொறந்தாங்க. பச்சப் பசேல்னு சம்பல், மேல வெள்ளையாத் தேங்காப்பூ. "அப்புறமாக் குடுக்குறேன் ஆயாம்மா, வச்சிட்டுப் போங்க"ன்னு மீனம்மா அவசரமாக் கைய நீட்டுனா. ஆயாம்மா கேக்கல. "நானே ஊட்டிட்டுப் போறேன். எங்கிட்டன்னா தின்னும்"னு ஒரு வாய் எடுத்து உருட்டுனாங்க. சர்மிளா ஓடி வந்து மடியில ஏறுச்சு. ஆயாம்மா கையில ஊட்டுனா அதுக்கு எதுவா இருந்தாலும் இனிக்கும். வாயத் தொறந்துச்சு.

மீனம்மா ஆயாம்மா மணிக்கட்டப் புடிச்சா.

"வேணாம்"னா. கைய விடல.

ஆயாம்மா மொதல்ல சிரிச்சாங்க, விளையாட்டுன்னு நெனச்சு. அப்புறம் அவ மொகத்தப் பாத்தாங்க. சர்மிளாவோட நெத்தியில இன்னொரு கைய வச்சுப் பாத்தாங்க. திரும்பி என்னப் பாத்தாங்க, என் இடுப்புல இருந்த லோஜனப் பாத்தாங்க. அவன் வாயோரத்துல பிஸ்கட்டுத் தூளு ஒட்டியிருந்துச்சு. நான் தொடைச்சு விட்டேன்.

"பதினேழு புள்ளைங்க தின்னுச்சு, மீனம்மா"ன்னாங்க ஆயாம்மா.